ஆறாயிரத்து நூற்று நாற்பத்து நாலு வீடு

“நாலாயிரத்து முந்நூறோட கட் பண்ணிடும்மா” என்றார் தனசேகரன். “மீதி வூட்டுக்கு சாயந்தரமா ரெக்கார்டிங் வுட்டுக்கலாம். இன்னா இப்போ?”

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை மேலேரி அம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம். இருபத்திரண்டு வருஷம் கழித்து, புதிதாகக் கட்டிய ஐந்து நிலை ராஜகோபுரத்தோடு நடக்கிறது. அதை வீடுவீடாக நேரலையில் காட்டும் பொறுப்பு தனசேகரனின் கேபிள் கம்பெனிக்கு. கம்பெனி என்றால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. ஒன்றில் தனசேகரன் உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் மெஷின்கள் உட்கார்ந்திருக்கும், ஷாலினி நின்றிருப்பாள்.

“சரிங்கண்ணா” என்றாள் ஷாலினி. அவள் வாயில் முதலில் வருகிற வார்த்தை எப்போதும் அதுதான். மனசு பின்னால் மெதுவாக நடந்து வந்து சேரும். நாலாயிரத்து முந்நூற்று ஒன்றாம் எண் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். மேலேரி காலனியின் முதல் வீடு அது. அவள் வீடு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு.

இந்த எண்கள் வந்த விதம் இதுதான். தனசேகரனின் அப்பா காலத்தில் கேபிள் இழுத்தார்கள். மனுஷன் எங்கிருந்து இழுக்க ஆரம்பிப்பார்? தன் வீட்டிலிருந்துதான். ஆகவே தனசேகரனின் அம்மா ராணியம்மாள் இருக்கும் மேலேரி வீடு எண் ஒன்று. அப்புறம் பங்காளிகள், ஊர்ப் பெரிய மனிதர்கள், பிறகு டவுன், கடைத்தெரு. காலனிக்குக் கேபிள் போனது ரொம்பப் பின்னால். கல்வராயன் மலைக்கு ஏறியதோ போன வருஷம்தான். கடைசி எண் ஆறாயிரத்து நூற்று நாற்பத்து நாலு, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்து டீக்கடை. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு யாரையும் கடைசியில் தள்ளவில்லை. கேபிள் போன வரிசை அது. கேபிள் ஏன் அந்த வரிசையில் போனது என்று மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் விடிந்துவிடும்.

மெஷினும் அந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டது. கேமராவிலிருந்து வருகிற படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டலமாக மடித்து, அந்த வீட்டு விலாசத்தை எழுதி, அந்த வீட்டுக்கு மட்டும் திறக்கிற பூட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக் கேபிளில் கொக்கி போடுகிற புண்ணியவான்கள் ஊரில் ஜாஸ்தி என்பதால் பூட்டு இல்லாமல் முடியாது. இத்தனையையும் செய்வது பிராசசர். கெட்டிக்கார ஆள்தான், எட்டுக் கை வேறு. ஆனாலும் ஒன்றாம் வீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாகத்தானே மடிக்க முடியும்? நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வருவதற்குள் அடுத்த துண்டு படம் வந்து வாசலில் நிற்கும். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மறுபடி ஒன்றாம் வீட்டுக்கு ஓடும்.

சாதாரண நாளில் இது தெரியாது. எல்லா வீடும் ஒரே சமயத்தில் ஒரே படத்தைக் கேட்கிற நாளில்தான் குட்டு வெளிப்படும். ஆடி வெள்ளித் தேரன்று டவுன் டிவிகளில் தேர் நிலைக்கு வந்து சூடம் காட்டியாகிவிட்டது. காலனி டிவிகளில் தேர் பாதி வழியில் நின்றது நின்றபடியே. மலையில் தேரே கிளம்பவில்லை. மலைப்பக்கம் லைன் பார்க்கிற சின்னராசு போன் போட்டு, “நமக்கு மட்டும் வெள்ளிக்கெழம எப்பவும் சனிக்கெழமதான் வருது மேடம்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பு அவளை ரொம்ப நாள் உறுத்தியது.

“அண்ணா, வியாழக்கெழம வரைக்கும் ஏதாச்சும் பண்ணிப் பாக்கட்டுங்களா?”

“பாரு, வேணாம்னு சொல்லல. முடியலன்னா கட் பண்ணிடணும். எல்லா வூட்லயும் நின்னு போச்சுன்னா ஊருல தலை காட்ட முடியாது.” தனசேகரன் கெட்டவர் இல்லை. யாருக்காவது நிற்கத்தான் வேண்டும் என்றால் யாருக்கு நிற்பது என்பதில் அவருக்கு எப்போதும் குழப்பமே வந்ததில்லை, அவ்வளவுதான்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பாவாடை என்று பெயர். எட்டு மாசம் அந்தக் கோபுரத்தில் சித்தாள் வேலை பார்த்தவர். சவுக்குச் சாரத்தில் ஏறி, ஐந்தாம் நிலை வரைக்கும் சாந்துச் சட்டி சுமந்தவர். பூச்சு முடிந்ததும் சித்தாட்களை இறக்கிவிட்டு, பச்சை வலையைக் கட்டிப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோபுரம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அதைக் கட்டியவருக்கே தெரியாது.

“வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போவலியாப்பா?”

“எங்க போறது? பந்தலு, அதுக்குப் பின்னாடி கயிறு, கயித்துக்குப் பின்னாடி ஜனம். நம்ம நிக்கிற எடத்துலேர்ந்து பாத்தா கோபுரம் கட்டவெரல் ஒசரம் தெரியும். டிவியில அந்த அஞ்சாம் நெலையப் பக்கத்துல காட்டுவாங்க இல்ல?”

“காட்டுவாங்கப்பா. ஸ்டுடியோ ஜீவாண்ணா டிரோன் வுடறாரு.”

“அது போதும். அந்த அஞ்சாம் நெலைய ஒரு தபா பாத்துட்டன்னா போதும் எனக்கு.”

உள்ளேயிருந்து அம்மா ராஜாம்பாள் கத்தினாள்: “நூலகத்தாண்ட பெரிய டிவி வெக்கறாங்கடி! நம்ம ஷாலினிதான் அனுப்புதுன்னு சொல்லிட்டேன், ஒருத்தி வாயத் தொறக்கணுமே!”

அவளால் சொல்ல முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் நேரே கீழ் மாடிக்குப் போனாள். அங்கே ஜீவாவின் வீடியோ ஸ்டுடியோ. கல்யாண வீடியோவில் மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேகத்தின்மேல் பறக்க விடுவது அவன் ஸ்பெஷாலிட்டி. அதற்காக ஒரு கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தான், செங்கல் கனத்தில்.

“இத ரெண்டு நாளைக்குத் தருவீங்களாண்ணா?”

“எதுக்கு? பொட்டலம் மடிக்கவா?” என்று கிண்டலாகத்தான் கேட்டான்.

“ஆமாண்ணா” என்றாள்.

அந்தக் கார்டுக்குள் இருப்பது ஒரு கெட்டிக்கார ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஆட்கள். தனித்தனியாகப் பார்த்தால் மக்குகள்தான், பெரிய யோசனை எதுவும் ஓடாது. ஆனால் ஒரே வேலையை எல்லோருமாகச் செய்யச் சொன்னால், கழனியில் நடவுக்கு இறங்கிய பெண்களைப் போல ஒரே மூச்சில் குனிந்து நிமிர்வார்கள். மேகம் வரைவதும் அப்படித்தான். ஒரு புள்ளிக்கு ஓர் ஆள், எல்லாப் புள்ளிக்கும் ஒரே நேரம். அப்படியானால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆளை நிறுத்தினால் என்ன? மடித்து, விலாசம் எழுதி, பூட்டுப் போடுவது எல்லா வீட்டுக்கும் ஒரே வேலைதானே? இதை உலகத்தில் பெரிய பெரிய இடங்களில் செய்கிறார்கள் என்று அவள் படித்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

புதன் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். நாலரை மணிக்கு ஓட்டிப் பார்த்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வீட்டோடு நின்றது. பழைய முறையைவிடக் கேவலம்.

ஜீவா எட்டிப் பார்த்தான். “கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். வுடு மேடம், மேகத்துல பொண்ணு பறக்க வுடற கார்டு இது.”

வியாழன் காலை தலைவலியோடு வந்து, கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று மட்டும் பார்த்தாள். நூற்றில் மூன்று பங்கு. மீதித் தொண்ணூற்றேழு பங்கு நேரம் அது சும்மா நின்றுகொண்டிருந்தது. எதற்காக நிற்கிறது என்று தன் எழுத்தையே வரி வரியாகப் படித்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

கார்டு பொட்டலத்தை மடித்துவிடுகிறது. பூட்டும் போட்டுவிடுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பிராசசரிடம் வந்து, போகலாமா என்று கேட்டு நிற்கிறது. அது ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் பொட்டலம் கதவைத் தாண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்கிற கதை. ஆறாயிரம் ஆட்கள் ஒரே நொடியில் வேலையை முடித்துவிட்டு, ஒற்றை ஆளின் தலையசைப்புக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

இதை அப்படி எழுதச் சொன்னது யார்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் எழுதினாள். எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை. கேட்காமல் எப்படிப் போவது?

அவளுக்கு முகம் சூடாகியது. அப்பா பழைய டிவிஎஸ் வண்டி வாங்கியபோதுகூட, தனசேகரன் வீட்டு வாசலில் போய் நின்று, “வாங்கலாங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். ஆறு மணிக்கு வேலை முடிகிறது, ஆறு பத்துக்கு அவள் கதவோரம் நின்று, “போகட்டுங்களாண்ணா?” என்கிறாள், நாலு வருஷமாக. அவர் ஒருநாளும் கேட்கச் சொன்னதில்லை. ஒருநாளும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை அவள் கொண்டுபோய் மெஷினுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

அந்த வரிகளை எடுத்தாள். வீட்டுப் பட்டியலையும் பூட்டுகளையும் முதலிலேயே மொத்தமாகக் கார்டிடம் ஒப்படைத்தாள். வெளியே அனுப்பும் நெட்வொர்க் கார்டின் கதவு மணியை இனி பிராசசர் அடிக்க வேண்டாம், கிராபிக்ஸ் கார்டே நேராக அடித்துக்கொள்ளட்டும் என்று எழுதினாள். பிராசசருக்கு ஒரே வேலை: ஆரம்பித்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். இரண்டு தடவை எல்லாம் செத்து விழுந்தது. மூன்றாவது தடவை, மதியம் மூன்று மணிக்கு, விழவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு காலிச் சேனலில் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, அதை எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினாள். பிறகு போனில் ஒரு பக்கம் எண் ஒன்றான ராணியம்மாளையும், இன்னொரு பக்கம் கடைசி எண்ணான டீக்கடையில் சின்னராசுவையும் சேர்த்துப் பிடித்தாள். ஜீவா கைகட்டி நின்றான்.

“அம்மா, தொண்ணூத்தி ஒம்பதாவது சேனல்ல கடியாரம் தெரியுதுங்களா? நொடி முள்ளு எங்க இருக்குன்னு சத்தமா சொல்லிக்கினே வாங்க. சின்னராசு, நீங்களும் சொல்லுங்க.”

“ஏம்மா பாவாடை பொண்ணு, எங்கூட்ல கடியாரம் இல்லன்னா எனக்கு டிவியில காட்ற?” என்று ராணியம்மாள் அலுத்துக்கொண்டார். ஆனாலும் சொன்னார். “நாப்பத்தொண்ணு.”

“நாப்பத்தொண்ணு” என்றான் சின்னராசு. அவர் சொன்னதைக் கேட்டுச் சொன்னதல்ல. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

“நாப்பத்திரெண்டு.” “நாப்பத்திமூணு.” மேலேரி மச்சு வீட்டிலிருந்து ஒரு குரல், மூவாயிரம் அடி உயரத்தில் பனி மூடிய டீக்கடையிலிருந்து ஒரு குரல். இரண்டும் பஜனையில் பாடுவதுபோல ஒன்றாக எண்ணிக்கொண்டு போயின. ஆடித் தேரன்று இவர்களுக்கு நடுவே தேரளவு தூரம் இருந்தது. இப்போது ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை.

“யாரும்மா அது, எங்கூடவே எண்ணிக்கினு வர்றது?” என்றார் ராணியம்மாள்.

ஷாலினியின் கண் திரையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் ஓடுகிற நீளமான பட்டியல் அது. இதுவரை அவள் பார்த்ததெல்லாம் மேலே வேகமாக ஓடி, கீழே போகப் போகத் திணறி, கடைசியில் அசையாமல் கிடக்கும் எண்கள். இப்போது ஆறாயிரத்து நூற்று நாற்பத்து நாலு எண்களும் ஒரே சமயத்தில் ஒரு படி ஏறின. மறுபடி ஒரு படி. நொடிக்கு எட்டு லட்சம் பொட்டலம் அந்த அறையை விட்டுப் போகிறது, மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமில்லை. எது முதல் வீடு, எது கடைசி வீடு என்று பார்த்தால் தெரியவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் முடியும் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஜீவா கட்டிய கையை அவிழ்த்தான். “என் கார்டா இது?” என்று மட்டும் கேட்டான்.

தனசேகரனுக்குப் போன் போட்டாள். அவர் யாகசாலையில் இருந்தார். பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. “நல்லதும்மா, ஆனா பயமா கீது. காலையில பழையபடியே கட் பண்ணியே ஆரம்பி. ஒம்பதே காலுக்கு எனக்குப் போன் பண்ணு, சொல்றேன்.”

“சரிங்கண்ணா.”

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நேரலை தொடங்கியது. நாலாயிரத்து முந்நூறு வீட்டில் யாகசாலைப் புகை தெரிந்தது. மீதி வீடுகளில், ‘இந்நிகழ்ச்சி மாலையில் ஒளிபரப்பாகும்’ என்ற வரி. ஒன்பது பத்துக்கு அம்மா போன் செய்தாள். “இன்னா பாப்பா, சாயந்தரம்னு எழுதிக்கினு நிக்குது? தெருவே உக்காந்துக்கினு கீது.” “இரும்மா” என்று வைத்துவிட்டாள்.

ஒன்பதே காலுக்குத் தனசேகரனைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். திரையில் குருக்கள்மார் கடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். பம்பையும் உடுக்கையும் நாதஸ்வரமும் ஒன்றாக முழங்கின. அந்தச் சத்தத்தில் மனுஷனுக்குச் சட்டைப் பையில் அடிக்கிற போன் எங்கே கேட்கும்? ஆறாவது தடவை. எட்டாவது தடவை. குருக்கள் இரண்டாம் நிலைக்கு ஏறிவிட்டார். பதினோராவது தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

எல்லா வீட்டையும் கார்டுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சரியாகப் போனால் எல்லோருக்கும் தெரியும். தவறிப்போனால் ஒன்றாம் வீட்டிலிருந்து அத்தனை பெரிய மனிதர்கள் வீடும் இருண்டு போகும், நீர் ஊற்றுகிற அந்த நிமிஷத்தில். அப்புறம் மெஷின் ரூம் சாவி அவள் கையில் இருக்காது. அப்பாவுக்கு ஊரில் வேலையும் இருக்காது. போனை மேஜைமேல் குப்புற வைத்தாள். மாற்றினாள்.

இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு நொடியில் அவள் தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். பிறகு எண்கள் ஏறின. மேலிருந்து கீழ்வரை எல்லாமாக.

ஒன்பது இருபத்தாறுக்குக் கலசத்தின்மேல் நீர் விழுந்தது. ஜீவாவின் டிரோன் கோபுர உச்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. புது நிறங்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. ஜன்னலுக்கு வெளியே டவுன் முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே கணத்தில் குலவை எழுந்தது. கைபேசியில் சின்னராசு அனுப்பிய ஒலித்துண்டு: டீக்கடையில் நூறு பேர் போடுகிற கூச்சல், நடுவில் அவன் குரல், “மேடம், இன்னிக்குத்தான் எங்களுக்கு வெள்ளிக்கெழம!” ஷாலினி நாற்காலியில் உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மனையா, அந்தக் கார்டையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பத்து மணிக்குத் தனசேகரன் கூப்பிட்டார்.

“ஷாலினி, எங்கம்மா போன் பண்ணிச்சு. தண்ணி ஊத்தும்போது காலனிப் பக்கம் கத்தின சத்தம் வூடு வரைக்கும் கேட்டுச்சாமே. கட் பண்ணலியா நீ?”

“இல்லீங்கண்ணா.”

“என்னக் கேட்டியா?”

“பதினோரு தபா போன் பண்ணேங்க. நீங்க எடுக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் கேக்கலீங்க.”

மறுமுனையில் மேளம் மட்டும் கேட்டது. “நம்ம வூட்டுக்குத்தான மொதல்ல வந்துது?” என்றார்.

“யாருக்கும் மொதல்ல வரலீங்கண்ணா. எல்லாருக்கும் வந்துது.”

“சரி, சாப்ட்டியா? இங்க அன்னதானம் போட்டுக்கினு கீறாங்க, ஜீவாகிட்ட குடுத்து வுடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த சூட்டில் அப்பா கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“யம்மா, அந்த டிரோனு அஞ்சாம் நெலையச் சுத்தி வந்துச்சே, பின்பக்கம் ஒரு கன்னுக்குட்டி பொம்மை கீது பாத்தியா? அதுக்குப் பக்கத்துல ஒரு கை தெரிஞ்சுதா?”

அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினாள். கன்றுக்குட்டியின் முதுகுக்கு மேலே, நீல வர்ணம் பூசிய சுவரில், ஐந்து விரலும் விரிந்த ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது.

“ஈரச் சாந்துல கால் சறுக்கிடுச்சும்மா. கைய ஊனலன்னா கீழதான். ஸ்தபதி பாத்தா திட்டுவாரு, மறுநாளு பூசிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எங்கள எறக்கி வுட்டுட்டாங்க. பெயின்ட்டுக்காரன் அதுமேலயே அடிச்சிட்டிருக்கான். இத்தினி நாளா யாருகிட்டயும் சொல்லல, இப்பத்தான் டிவியில பாத்துட்டு வாய வுட்டுட்டேன்.” மூச்சு விட்டார். “எல்லா வூட்லயும் தெரிஞ்சிருக்குமா யம்மா? ராணியம்மா வூட்லயும்?”

“ஆறாயிரத்து நூத்தி நாப்பத்தி நாலு வூட்லயும் தெரிஞ்சிருக்கும்ப்பா. ஒரே நேரத்துல.”

அப்பாவுக்குப் பின்னால் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ, “பாவாடை கைடோய்!” என்று கத்தினார்கள். ராஜாம்பாள் எவளையோ கூப்பிட்டு, மறுபடி போடச் சொல்லு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா பதிஞ்சிருக்குது இல்ல?” என்றார் அப்பா.